சாரை வாய் திறந்த நாள்

புளியங்கூடலில் வேலி அடைத்தபோது அகப்பட்ட சாரைப்பாம்புக் குட்டியைப் பழைய மீன்தொட்டியில் வைத்து வளர்க்க ஆசைப்பட்டேன். அது எதையும் தின்னாமல் வற்றிக்கொண்டே போனது. எங்கள் வீட்டில் அது பட்டினியால் செத்தால் நயினாதீவுக் கோயில் நாகம்மாளுக்கு அடுக்காது என்று பயந்து, மனைவி தினமும் பாலும் முட்டையும் வைத்துக் கும்பிட்டாள்.

"பாம்பென்ன பூனையே அக்கா, பால் குடிக்க? உயிரோடை ஒரு எலியைப் போடுங்கோ" என்று சிரித்தார் வாசலுக்கு மீன் விற்க வந்தவர்.

எலிக்குஞ்சொன்றைப் பிடித்துப் போட்டேன். அது கண்ணாடியில் ஏறி ஏறி வழுக்கியது. என் விரலைத் தேடி மூக்கை நீட்டியது. சாரை மெல்லத் தலை திருப்பியது. பிறகு நீண்டதொரு கீச்சொலி. சாரை கொன்றுவிட்டு விழுங்குவதில்லை. பின்னங்கால்கள் வெளியே உதைத்துக்கொண்டிருக்க, மனைவி கண்கலங்கிக் கைகூப்பினாள்.

"இஞ்சேருங்கோ, சாப்பிடுறார்! நாளைக்கு இன்னும் கொழுத்ததாய்ப் பாத்துப் பிடியுங்கோ."