கோலத்துக்கு ஒதுங்கிய லாரிகள்

கும்மிடிப்பூண்டியில் எங்கள் தெரு தொழிற்பேட்டைக்கும் நெடுஞ்சாலைக்கும் நடுவில் இருந்தது. லாரிக்காரர்களுக்கு அது குறுக்கு வழி. நான் ஒரு மின்விசிறி கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். கம்பெனி பஸ் நெடுஞ்சாலை முனையில்தான் நிற்கும்; அதுவரை லாரிகளோடு லாரியாக நடக்க வேண்டும். ஒரு கார்த்திகை மாதக் காலையில் லாரியின் பக்கக் கண்ணாடி என் முழங்கையைத் தட்டிவிட்டுப் போனது. எலும்புக்கு ஒன்றுமில்லை. டிபன் பாக்ஸ்தான் சாக்கடையில் விழுந்தது.

என் வீட்டுக்காரர் அன்றைக்கே தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பொங்கலுக்குள்ள நடக்க ஒரு வழி பண்ணாங்கன்னா போ. இல்லாங்காட்டி வேலைய வுட்ரு."

பயத்தில் சொன்னார், தெரியும். ஆனாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டால் நான் யாருக்கும் மனைவியும் இல்லை, மருமகளும் இல்லை. அந்த சந்தோஷத்தை ஒரு லாரிக் கண்ணாடிக்காக விட்டுக்கொடுப்பதா?

நல்ல வேளை, மார்கழி பிறந்ததும் பேரூராட்சியிலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். தெருவில் நடைபாதை போடப் போகிறார்களாம். "நடக்கப் போறவங்க நீங்க. எப்படி வேணும்னு நீங்களே சொல்லுங்க" என்று ரேஷன் கடை வாசலில் எல்லாரையும் உட்கார வைத்துக் கேட்டார்.

கேட்டிருக்கவே வேண்டாம். எல்லாருக்கும் நடைபாதை வேண்டும், ஆனால் எதிர் வரிசையில் வேண்டும். தன் வாசல் படியை இடிக்கவும் பைக் ஏற்றும் சரிவை உடைக்கவும் ஒருவருக்கும் மனசில்லை. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! எனக்கு வந்த கோபத்தில், "அப்ப நான் பறந்து போவட்டுமா?" என்று கத்தியே விட்டேன்.

அப்போது எதிர் வரிசையில் மளிகைக் கடை வைத்திருந்த பாய் எழுந்தார். அவர் வரிசையில் அந்தக் கடையும் இரண்டு குடோன்களும் சில கிறிஸ்தவர் வீடுகளும்தான். கோலம் எல்லாம் எங்கள் வரிசையில். அதிலும் என் பக்கத்து வீட்டு அக்கா ஆந்திர எல்லையில் பிறந்தவர்; மார்கழி வந்தால் பாதித் தெருவை வளைத்துக் கோலம் போட்டுவிடுவார்.

"நடைபாதை கெடக்கட்டும் சார்" என்றார் பாய். "இவங்க கோலத்தால நான் பேஜாராப் போய்ட்டேன். கோலத்த மிதிக்கக் கூடாதுன்னு லாரிக்காரன் எம்பக்கம் ஒதுங்கறான். கடைப் படியே ஒடஞ்சி போச்சு."

"அதுக்கு நான் இன்னா பண்றது பாய்? கோலத்த ஊட்டுக்குள்ளயா போட முடியும்?" என்றார் அக்கா.

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. "சார், கோலம் புடிச்ச எடம் இல்லாமலே லாரி போய்க்கினுதானே கீது? அப்ப யார் படியையும் இடிக்க வாணாம். நடைபாதைக்கு எடத்த ரோட்டுலயே எடுத்துக்கலாமே" என்றேன்.

பொறியாளர் யோசித்தார். "ஒரு பக்கம் மட்டும் எடுத்தா லாரி பாய் படிமேலதான் ஏறும். ரெண்டு பக்கமும் எடுத்தா லாரிக்கு எடம் பத்துமான்னு பாக்கணுமே."

"பாத்துடலாம் சார்" என்றார் பாய். "நாளைக்கு எங் கடை வாசல்லயும் கோலம் போடட்டும்."

மறுநாள் விடியலில் பாய் வீட்டம்மா வாசலில் தண்ணீர் தெளித்துக் கொடுக்க, அக்கா போட்டார். நாங்கள் மற்றவர்கள் குடோன் வாசல், மாதா படம் மாட்டிய வாசல் என்று ஒன்றுவிடாமல் போட்டோம். லாரிகள் வந்தன. இரண்டு பக்கமும் கோலத்தைப் பார்த்துவிட்டு, புது மாப்பிள்ளை மாதிரி நடுவில் மெதுவாக ஊர்ந்து போயின. பொறியாளர் டேப்பைப் பிடித்து அளந்து, தலையாட்டினார்.

பொங்கலுக்கு முன்பே எல்லைக் கற்கள் நட்டாயிற்று. என் வீட்டுக்காரர் ஒரு கல்லைக் காலால் உதைத்துப் பார்த்தார். அது அசையவில்லை. "சரி, போ" என்றார்.

வேலை முடியப் பல மாதம் ஆனது. அடுத்த மார்கழியின் முதல் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். நடைபாதை முழுக்கக் கோலம்! கால் வைக்க இடமில்லை. சண்டை போட்டு வழி வாங்கியவள், முணுமுணுத்துக்கொண்டே மறுபடி லாரி ரோட்டில் இறங்கினேன்.

"எங்கமே எறங்கறே?" மாவுக் கையோடு அக்கா கத்தினார். "மிதிச்சிக்கினு போ!"

"பாவம், இவ்ளோ அழகா போட்டு கீறியே அக்கா..."

"நாளைக்கு வேற கோலம் போடுவேன். ஒனக்கு வேற காலு கீதா?"

கால் கூசக் கூச மிதித்து நடந்தேன். பஸ் ஏறும்போது செருப்பெல்லாம் வெள்ளை மாவு. தட்டிவிட எனக்கு மனசே வரவில்லை.