ஆபரேஷனுக்கு முன்பே வந்த வாக்கர்

இடுப்பு மூட்டு மாற்ற நாள் குறித்த கையோடு, மைசூர் ஆஸ்பத்திரியின் பிசியோதெரபிப் பெண் என்னை வாக்கரில் நடக்கப் பழகச் சொன்னாள். நொண்டியாவது நடப்பவளுக்கு இது எதற்கு? ஆபரேஷன் சரிவராது என்று இவளுக்கு முன்பே தெரியுமோ? கேட்டேவிட்டேன்.

"ஹாகல்லம்மா, அப்படியில்ல. அப்புறம் வலியில சொல்லிக்குடுத்தா மனசுல நிக்காது. இப்பவே கைக்கும் தொடைக்கும் பலம் ஏத்திக்கோங்க."

நம்பவில்லை. வீட்டில் வாக்கர் கண்ணில் படுவதே அபசகுனம் என்று, புடவையால் மூடி வைத்திருந்தேன். கதவைச் சாத்திக்கொண்டு வேண்டாவெறுப்பாகத்தான் பழகினேன்.

ஆபரேஷன் முடிந்த மறுநாள் அந்தப் பெண் வாக்கரை என் முன்னே வைத்தாள். பயத்தில் எனக்கு எல்லாம் மறந்துபோனது, கைகளுக்கு மறக்கவில்லை. அவை தாமாக ஊன்ற, எழுந்து ஜன்னல் வரை நடந்தேன்.

அதே ஆபரேஷன் செய்துகொண்டு, எழ முடியாமல் பக்கத்துக் கட்டிலில் கிடந்த கொள்ளேகால் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உங்களுக்கு நெசமாலுமே ஆபரேசன் பண்ணுனாங்களா?"

அந்தப் பார்வை எனக்குப் புதிதல்ல. முந்தைய நாள்வரை, வாக்கரைப் பார்க்கும்போதெல்லாம் அது என் முகத்தில்தான் இருந்தது.