பாட்டில் இருந்த ஷிப்ட் சங்கைக் காணோம்!

என் அக்கா மகனின் ராக் பேண்ட், பெரிய மும்பை கம்பெனிக்கு மாறிப் போட்ட ஆல்பம் அண்டசராசரமெங்கும் ஹிட்டு. இன்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் போனிலும் அந்த ஆல்பத்துப் பாட்டு.

நெஞ்சை நிமிர்த்திக்கினு கேட்டேன். சங்கு வரவில்லை!

இதே பாட்டை முதலில் என் நெய்வேலி குவார்ட்டர்ஸ் ஷெட்டில் ரெக்கார்டு பண்ணியபோது, தானாக வந்து பாட்டுக்குள் விழுந்த சுரங்கத்து ஷிப்ட் சங்கு அது. அந்தப் பாட்டைப் போட்டதும் அதிலிருந்த சங்கைக் கேட்டு, வேலைக்கு நேரமாச்சு என்று டிபன் பாக்ஸோடு வாசலுக்கு ஓடியது பாதி டவுன்ஷிப். நானும்தான்.

உடனே போன் போட்டேன். “எங்கடா நம்ம சங்கு?”

“இரைச்சலா இருக்குன்னு கம்பெனியில எடுத்துட்டாங்க மாமா. கடல் அலை சேர்த்திருக்காங்க.”

“நெய்வேலியில ஏதுடா கடல்?”

“மாமா, மீட்டிங்ல இருக்கேன்.”

மீட்டிங்காம்! மகாஜனங்களே, நீங்களே சொல்லுங்கள்: அலைச் சத்தம் கேட்டு இந்த ஊரில் எவனாவது ஷிப்டுக்குக் கிளம்புவானா?