டார்ச் அடித்த இடம்

மாமல்லபுரத்துக் கடற்கரை விடுதி ஒன்றில் நான் வரவேற்பு மேசையில் உட்கார்ந்த காலத்தில் அவர் அங்கே காவலாளி. பட்டாளத்திலிருந்து வந்தவர். மீசைக்கு மட்டும் மை, தலை முழு வெள்ளை. இருட்டத் தொடங்கியதும் அலையில் நிற்கும் விருந்தாளிகளைக் கரைக்கு வரச்சொல்லி டார்ச் அடிப்பார். அணைத்த கையோடு நாலடி தள்ளிப் போய்ச் சவுக்கு மரத்துக்குப் பின்னால் நின்றுகொள்வார். கரையேறியவர்கள் கூப்பிட்டது யாரென்று தேடுவார்கள்.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன்.

"ட்ரேசர் குண்டு தெரியுமா சார்? எரிஞ்சிகினே போவும். எங்க போவுதுன்னு நமக்குத் தெரியும். எங்கேர்ந்து வருதுன்னு எதிராளிக்கும் தெரிஞ்சிடும். சுட்டதும் எடத்த மாத்தணும். ட்ரெய்னிங்ல ஏத்திவுட்டது, இன்னும் எறங்க மாட்டேங்குது."

பிறகு ஒரு மாலை, டார்ச்சை அடித்து அணைத்தவர் அங்கேயே நின்றார்.

"இன்னிக்கு நவுரலியா?" என்றேன்.

"எத்தினி வருசந்தான் சார் நவுந்துகினே கீறது? சுடறவன் சுட்டுட்டுப் போவட்டும்."

இருண்டுகொண்டிருந்த கடலையே பார்த்தபடி நின்றார். பக்கத்தில் இருந்த நான்தான், என்னையறியாமல், நாலடி தள்ளிப் போயிருந்தேன்.