பன்னிரண்டாம் நிமிஷம்

ராஜம்மாள் தினமும் செல்போனைத் தலையணை மேல் சாய்த்து வைத்துப் பம்பை மேளச் சத்தத்தைத் திறந்துவிடுகிறாள். வலது கட்டைவிரல் அணைக்கிற இடத்துக்கு மேலேயே நிற்கிறது. இடது கையை ஆட்டக் கூடாது. புற்றுநோய்க்காக அந்தப் பக்க மார்பை எடுத்துப் பத்து நாள் ஆகிறது. தையல் இன்னும் பிரிக்கவில்லை.

இவள் என் தங்கை. அடி அண்ணாமலையில் கிரிவலம் வருகிறவர்களுக்கு அவித்த வேர்க்கடலை விற்பவள். எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். படி அளந்த பிறகு ஒரு கை அள்ளிப் போடுவாள். அதையும் வாங்கிக்கொண்டு பேரம் பேசினால் மொத்தத்தையும் திருப்பிக் கொட்டிக்கொள்வாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் பொண்ணு தேவிப்ரியா வலிக்குப் பாட்டு கேட்கச் சொல்லிப் புல்லாங்குழலைப் போட்டுக் காதில் மாட்டிவிட்டது.

"குழல் கேட்டா எனக்குத் தூக்கம் வருது பாப்பா. வலி தூங்கலியே" என்றாள் இவள்.

"அப்ப உங்களுக்குப் புடிச்சதக் கேளுங்கம்மா. மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க."

இவளுக்குப் பிடித்தது எங்கள் அங்காளம்மன் கோயில் திருவிழாவில் செல்போனில் பதிந்த பம்பை. அடி விழுந்ததும் நெற்றிச் சுருக்கம் இளகும், மூச்சு நிதானப்படும். என் கண்ணால் பார்த்தேன்.

ஆனால் பன்னிரண்டாம் நிமிஷத்தில் பூசாரி அம்மனைப் பேர் சொல்லி அழைப்பார், அடி வேகமெடுக்கும். முப்பது வருஷமாக இவளுக்குச் சாமி வருவது அந்த அழைப்பில்தான். வந்தால் இரண்டு கையும் தலைக்கு மேலே போய்விடும், நாலு ஆள் பிடித்தாலும் நிற்காது. தையல் என்ன ஆகும்? அதனால் பதினொன்றிலேயே அணைத்துவிடுவாள். அணைத்ததும் வலி வந்து உட்கார்ந்துகொள்ளும். மறுபடி முதலிலிருந்து போட்டுக்கொள்ளவும் மாட்டாள். "அம்மாவ பாதியில நிறுத்தறதே தப்பு. ரெண்டாந்தரமுமா?"

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கிளீனராக ஏறி நாலு லாரிக்கு முதலாளி ஆனவன். வெள்ளம் போகிற ஆற்றில் வண்டி இறக்கியவன். சாமி வந்தால் இவள் இடது கையை அழுத்திப் பிடிக்கிற தைரியம் மட்டும் எனக்கு இல்லை.

"நாலு லாரி வச்சினுகீற, என் கையப் புடிக்கப் பயப்படுறியேண்ணா" என்று சிரிப்பாள்.

நேற்று மாத்திரை போட்டும் வலி அடங்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டே பம்பையைக் கேட்டாள். பதினோராம் நிமிஷம் ஆனது. விரல் இறங்கவில்லை.

"நிறுத்து ராஜம்மா."

"இப்பதாண்ணா கம்மியாவுது."

பூசாரியின் குரல் ஏறியது. என் தோளிலிருந்த துண்டை வெடுக்கென்று உருவினாள். தன் இடது மணிக்கட்டைக் கட்டில் சட்டத்தோடு சேர்த்து இரண்டு சுற்றுச் சுற்றினாள். முனையை என் கையில் திணித்தாள்.