பேசி முடிச்சாச்சா?

சகாயராணியைக் கண்டாலே எனக்கு ஆகாது. பதினாறு வருஷமாக ஆகாது. தாராவியில் எங்கள் சந்துக்கு அடுத்த சந்துதான் அவள் வீடு. இருந்தும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

வேலையும் ஒரே கம்பெனியில்தான். ஐரோலி தலைமை அலுவலகத்தில் அவள், பாண்டுப் கிடங்கில் நான். கிளைகளோடு கூட்டம் நடத்தக் கம்பெனி சொந்தமாகவே ஒரு மென்பொருள் வைத்திருந்தது. போனில் வருபவன், கம்ப்யூட்டரில் வருபவன், கேமராவில் முகம் காட்டுபவன் எல்லாரையும் அது ஒரே கூட்டத்தில் சேர்க்கும். யார் பேசலாம், யார் வாயை மூட வேண்டும், யார் முகம் திரையில் தெரிய வேண்டும் என்பது சகாயராணியின் பொத்தானில் இருந்தது.

"ஏ பிச்சையா, மைக்க மூடுடே. நீ தொண்டையக் கனைக்கது ஒம்பது ஆபீஸுக்குக் கேக்கு" என்று அத்தனை பேர் முன்னாலும் என் மானத்தை வாங்குவாள். மேனேஜர்களுக்கும் அதே மரியாதைதான், இந்தியில்.

பத்தொன்பது வயதில் டெலிபோன் ஆபரேட்டராகச் சேர்ந்தவள். "பேசி முடிச்சாச்சா?" என்று கேட்காமல் யார் லைனையும் துண்டிக்க மாட்டாள். மென்பொருள் வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கூட்டம் முடியும்போது பட்டியலில் உள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கேட்பாள். பசியோடு உட்கார்ந்திருப்பவனுக்கு எரிச்சல் வருமா, வராதா?

போன மழைக்காலத்தில் வெங்கடேஷ் என்று ஒரு புது அதிகாரி வந்தார். மாதுங்காத் தமிழர். நாற்பது பேரை வீட்டுக்கு அனுப்புவது, கூட்டத்துக்கு வெளியார் மென்பொருளை வாடகைக்கு எடுப்பது என்று முடிவு செய்தார். ஆளைக் கூப்பிட்டு முகத்துக்கு நேராகச் சொல்ல அவருக்குத் துணிச்சல் இல்லை. பட்டியலைச் சகாயராணியிடம் நீட்டினார்.

"எல்லார் மைக்கும் ஆஃப்ல இருக்கட்டும். என் கேமராவும் வேண்டாம். நான் படிச்சு முடிச்சதும் கட் பண்ணிடுங்க. பத்து நிமிஷ வேலை."

அவள் பெயர்களை ஒவ்வொன்றாக ஏற்றினாள். முப்பத்தொன்பதாவது என் பெயர். நாற்பதாவது அவளுடையது. யாரிடம் பட்டியலைக் கொடுக்கிறோம் என்றுகூட அந்த மனிதர் பார்க்கவில்லை. அவள் தன் பெயரையும் ஏற்றினாள். அந்த நாற்பதில் ஒருவருக்கும் வேலை திரும்பக் கிடைக்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

காலை பதினொரு மணிக்கு வெங்கடேஷின் குரல் மட்டும் வந்தது. நிர்வாகத்தின் முடிவு, வருத்தம், நன்றி, இன்றே கடைசி நாள். நான் கத்தினேன். கெட்ட வார்த்தையில் திட்டினேன். என் மைக் மூடியிருந்தது. மூடியவள் அவள். அந்த நிமிஷம் வெங்கடேஷைவிட அவள் மேல்தான் எனக்கு ஆத்திரம். பக்கத்துச் சந்துக்காரியே வாயைக் கட்டிவிட்டாளே!

"அவ்ளோதான், கட் பண்ணுங்க" என்றார் வெங்கடேஷ்.

கட் ஆகவில்லை. திரையில் அவர் முகம் வந்தது, வாயில் பாதி பிஸ்கட்டோடு. எல்லார் மைக்கும் திறந்தது. எங்கோ குக்கர் விசில், எங்கோ ரயில் அறிவிப்பு, எங்கோ யாரோ அழுதார்கள்.

"என்ன பண்றீங்க நீங்க?"

"கேக்காம லைன அறுக்கது எனக்குப் பழக்கமில்ல சார்" என்றாள் சகாயராணி. பிறகு முதல் பெயரைக் கூப்பிட்டாள். "பூதத்தான் அண்ணே, பேசி முடிச்சாச்சா?"

பூதத்தான் லாரி டிரைவர். "இருவத்திரெண்டு வருசமா ஓட்டுதேன். ஒரு தடவயாச்சும் எம்மூஞ்சியப் பாத்திருக்கீரா?" என்று கேட்டார். அடுத்து மாரீஸ்வரி. அதற்கு அடுத்து ஹமீது. முதலாளியும் அதே கூட்டத்தில் போன் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்ததால் வெங்கடேஷால் எழுந்து போக முடியவில்லை. கூட்டத்தை நிறுத்தவும் அவருக்குத் தெரியவில்லை.

என் முறை வந்தது. இத்தனை நேரம் கத்திய நான் தொண்டையைத்தான் கனைத்தேன். அவள் மைக்கை மூடச் சொல்லவில்லை.

வெங்கடேஷ் நாற்காலியைப் பின்னால் தள்ளினார். "முடிஞ்சுதில்ல? போதும்."

"இன்னும் ஒரு பேரு இருக்கு சார். சகாயராணி" என்றாள் அவள். "உக்காருங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."