மாமா போடாத மோதிரம்

அந்த ஞாயிற்றுக்கிழமை தி. நகரில் நடந்தவை, நடந்த வரிசையில்:

1. துணிக்கடையின் தரைத்தளத்தில் அப்பா எடுத்துக் காட்டிய நீலக் கோடு போட்ட சட்டையை மாமா வேண்டாம் என்றார்.
2. அப்பா எங்களை மாடிக்கு அழைத்துப் போய் விலை கூடின பேன்ட், சட்டை செட் ஒன்றை எடுத்தார். மாமா அதையும் வேண்டாம் என்றார்.
3. அப்பா இன்னொரு மாடி ஏறிப் பட்டு வேட்டி எடுத்தார். பட்டு கட்டினால் உடம்பு அரிக்கும் என்றார் மாமா.
4. எனக்குக் கால் வலித்தது.
5. அப்பா மோதிரம் வாங்கினார்.

இதில் நான்காவது மட்டும் பொய். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்து அனுப்பியவர் அம்மா.

அப்போது நான் நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அப்பாவின் தங்கையான என் அத்தைக்கும் மாமாவுக்கும் அந்த வைகாசியில்தான் கல்யாணம் ஆகியிருந்தது. வரப்போவது தலை தீபாவளி. தாத்தா இல்லாததால் மாப்பிள்ளைக்குச் செய்யவேண்டியதையெல்லாம் அண்ணன் என்ற முறையில் அப்பாதான் செய்யவேண்டும். ஆனால் அந்த வருடம் நாங்கள் குடியிருந்த அபிராமபுரம் வாடகை வீட்டை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, தை மாதத்துக்குள் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். அப்பா வேலை பார்த்த ராயப்பேட்டை அச்சகம் மூடிக் கிடந்த மாதங்களின் வாடகையை வீட்டுக்காரர் அட்வான்ஸில் கழித்துக்கொண்டதால், அங்கிருந்து திரும்பி வர எதுவும் இல்லை. புது வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கவென்று சேர்த்து வைத்திருந்த பணம் ஒன்றுதான் கையில் இருந்தது. தீபாவளியும் அதிலிருந்துதான் வரவேண்டும்.

கிளம்பும்போது அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டே தாழ்ந்த குரலில் சொன்னார். "நீ எதையும் கேக்கக் கூடாது. அப்பா பெரிய செலவுல இறங்குறாருன்னு தெரிஞ்சா, கால் வலிக்குதுன்னு சொல்லு. அழுதாலும் பரவால்ல."

அத்தை அம்மாவுக்குத் துணையாக முறுக்கு சுற்ற உட்கார்ந்துவிட்டார். அப்பாவும் மாமாவும் நானும் மட்டும் போனோம்.

தெருவில் தரை தெரியவில்லை. பிள்ளைகளின் கையை விடாதீர்கள், நகைகளைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்ளுங்கள் என்று போலீஸ்காரர் ஒருவர் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டே இருந்தார். எங்களிடம் மூடிக்கொள்ள எதுவும் இல்லை. அப்பா என் கையை மட்டும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

நீலக் கோட்டுச் சட்டையை விற்பனையாளர் பிரித்துப் போட்டபோது, மாமா அதன் காலரைச் சற்று நேரம் விரலில் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு மடித்து வைத்தார்.

"நல்லாத்தான் இருக்கு மச்சான். ஆனா எங்கிட்ட சட்டை நெறைய இருக்கு."

"சார், தலை தீபாவளிக்குத் துணி எடுக்க வந்துட்டு சட்டை இருக்குன்னு சொல்ற மொத மாப்ள நீங்கதான்" என்று விற்பனையாளர் சிரித்தார். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளை வேண்டாம் என்றால், இது போதாது என்று அர்த்தம். போதாது என்று அவர் வாய்விட்டுச் சொல்ல மாட்டார். புரிந்துகொள்ள வேண்டியது பெண் வீட்டாரின் பொறுப்பு. புரியாமல் விட்டால் அதன் பலன் அந்த வீட்டில் வாழப்போன பெண்ணின் தலையில் விடியும். இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கல்யாண வீடுகளில் பெரியவர்கள் பேசுவதைக் கேட்டே தெரிந்துகொண்டிருந்தேன்.

லிஃப்ட் முன்னால் மாமா நின்று காதைச் சாய்த்துக் கேட்டார். அவருக்கு வேலையே லிஃப்ட் பழுது பார்ப்பதுதான். "இதுல ஏற வேணாம் மச்சான். சத்தம் சரியில்ல. கீழயே வேற ஏதாவது பாக்கலாமே."

"அப்ப படியில போயிடலாம் மாப்ள" என்றார் அப்பா.

படியில் எதிரே வந்தவர்களின் பைகள் என் முகத்தில் இடித்தன. திருப்பத்தில் அப்பா மூச்சு வாங்க நின்றார். மாமா நான்கு படி பின்னால் வந்துகொண்டிருந்தார். அப்பா குனிந்து என் காதில் சொன்னார்: "அத்தை அங்க நல்லா இருக்கணும்ல பாப்பா?"

நான் தலையாட்டினேன்.

செட்டில் நிறம் சரியில்லை என்று மாமா சொன்னார். பட்டு வேட்டிக்கு அரிப்பு. கல்யாணத்தன்று காலை முதல் சாயங்காலம் வரை அவர் பட்டு வேட்டியில்தான் இருந்தார். ஒரு முறைகூடச் சொரிந்து நான் பார்க்கவில்லை. அப்பாவுக்கும் அது நினைவில் இருந்தது. அவர் முகத்தில் அது தெரிந்தது. எங்களை வெளியே அழைத்து வந்தார். நகைக்கடை வரிசையைப் பார்த்து அவர் திரும்பியதும் நான் அம்மா சொன்னதைச் சொன்னேன்.

"அப்பா, கால் வலிக்குது."

மாமா உடனே அதைப் பிடித்துக்கொண்டார். "பாவம், புள்ளைக்குக் கால் வலிக்குதாம். கெளம்பிடலாம் மச்சான். இன்னொரு நாள் வந்துக்கலாம்."

அப்பா சுற்றிலும் பார்த்தார். நடைபாதையில் ஒரு சாண் இடமில்லை. கண்ணுக்கெட்டிய தூரத்தில் நாற்காலி போட்டு உட்கார வைப்பது நகைக்கடைகள் மட்டும்தான். "வா, உள்ள போய் உக்காந்துக்கலாம்" என்றார்.

உள்ளே குளிராக இருந்தது. எனக்கு ஆரஞ்சு நிறத்தில் குடிக்கக் கொடுத்தார்கள். பாதி குடித்து முடிப்பதற்குள் கண்ணாடி மேசையில் மோதிரத் தட்டு வந்துவிட்டது.

"வேலையில மோதிரம் போடக் கூடாது மச்சான்" என்றார் மாமா. அவர் குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. "கம்பில மாட்டிச்சின்னா விரலே போயிடும்."

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். பிறகு கடைக்காரரிடம் சொன்னார்: "அப்ப செயின் காட்டுங்க."

மாமா சட்டென்று அப்பாவின் கையைப் பிடித்தார். "வேணாம் மச்சான். மோதிரமே போதும்." தட்டில் இருந்ததிலேயே மெல்லியதை எடுத்தார். அப்பா அதை வாங்கி வைத்துவிட்டு, கனமான ஒன்றை அவர் விரலில் மாட்டினார். பணம் கட்டும்போது எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றார்.

இத்தனை நேரமும் மாமா காத்திருந்தது தங்கத்துக்குத்தான் என்று நான் முடிவு செய்தேன்.

திரும்பும்போது ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக் கேட்டார். "இன்னா சார், தல தீவாளியா? மாப்ள மூஞ்சி ஏன் இப்டி தொங்கிகினு கீது? மோதிரம் பத்தலியா?"

மாமா முகத்தைத் தெருப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

வீட்டில் சிறிய பெட்டியைப் பார்த்ததும் அத்தை அழுதுகொண்டே உள்ளே போய்விட்டார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று நினைத்தேன். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "கால் வலிக்குதுன்னு சொல்லலியா?" என்றார்.

"சொன்னேம்மா. அதனாலதான் உள்ள போனோம்."

அம்மா திரும்பி அடுப்பை அணைத்தார். வாணலியில் முறுக்கு பாதி வெந்திருந்தது.

தை பிறப்பதற்குள் அப்பா பார்த்த வீடுகளில் ஒன்றுக்கும் எங்கள் பணம் போதவில்லை. கடைசியில் மாமாதான் ஒன்று கண்டுபிடித்தார். கே.கே. நகரில், அவர் லிஃப்ட் பார்த்துக்கொள்ளும் அடுக்குமாடிக் குடியிருப்பில். எல்லோரும் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டபோது, அந்த வீட்டுக்காரர் ஐந்து மாதம் போதும் என்றாராம். நல்ல மனுஷன் என்று அப்பா இன்றைக்கும் அவரைச் சொல்வார். மாமாவைப் பற்றிச் சொல்வது வேறு. "வாங்கிக் குடுத்த மோதிரத்தை ஒரு நாளாவது போட்டுக் காட்டினாரா? வேலைன்னு சொல்றாரு. தீபாவளி அன்னிக்குமா வேலை?" ஒவ்வொரு தீபாவளிக்கும், மாமா கிளம்பிப் போன பிறகு, இதைச் சொல்லாமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

போன மாதம் வரை அந்த வீடு வாய்ப்பேச்சிலேயே ஓடியது. என் அலுவலகத்தில் வாடகைக்குச் சான்று கேட்டார்கள் என்பதற்காக, ஒப்பந்தம் எழுதலாமா என்று வீட்டுக்காரரிடம் கேட்கப் போனேன். அட்வான்ஸ் ஐந்து மாதம் என்று நான் சொன்னதும் அவர் திருத்தினார்.

"பத்தும்மா. மீதி அஞ்சை உங்க மாமா முன்னாடியே குடுத்துட்டாரு. அப்பாவுக்குத் தெரிய வேணாம்னாரு. நீ இப்ப பெரியவளாயிட்ட, அதான் சொல்றேன்."

அன்று மாலையே மாமாவுக்குப் போன் செய்தேன். அவர் முதலில் பேச்சை மாற்றப் பார்த்தார். பிறகு சொன்னார்.

"நான் எங்க பாப்பா குடுத்தேன்? மோதிரத்தை வித்தேன். அது உங்க அப்பா காசுதானே, சுத்தி வந்துச்சு. அட்வான்ஸ் விஷயத்தை உங்கம்மா உங்க அத்தைகிட்ட சொல்லியிருந்தாங்க. அண்ணனை எதுவும் வாங்க விடாதீங்கன்னு அவ என்னை அனுப்பினா. எனக்குத் தெரியும்னு உங்க அப்பாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு. ஒண்ணை எடுத்தா அதோட நிக்காதுன்னுதான் மொதல்லயே வேணாம்னேன்."

நான் போனை இன்னொரு காதுக்கு மாற்றினேன்.

"அந்த நீலக் கோட்டுச் சட்டையையே எடுத்திருக்கலாம்" என்றார். "எனக்குப் புடிச்சுதான் இருந்துச்சு."

அவர் அந்தக் காலரை விடாமல் பிடித்துக்கொண்டிருந்ததை அன்று பக்கத்தில் நின்று பார்த்தவள் நான்தான். பார்த்தது இன்னதென்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

இப்போதைய நிலவரம்: ஒப்பந்தம் என் பெயரில், பதினொரு மாதத்துக்கு எழுதப்பட்டிருக்கிறது. அட்வான்ஸ் என்ற இடத்தில் முழுத்தொகையும் இருக்கிறது. அப்பா அதைக் கேட்கவில்லை, நான் காட்டவும் இல்லை. மாமா இந்தத் தீபாவளிக்கும் மோதிரம் இல்லாமல்தான் வருவார்.